தேமலைத் தாங்கிய மரவள்ளி

மரவள்ளியின் தேமல் நோய் 1894-இலேயே இன்றைய தான்சானியாவில் பதிவாகிவிட்டது. இலையில் வெளிர்மஞ்சள் திட்டு விழும், சிற்றிலை கோணும். முற்றினால் இலைப்பரப்பே சுருங்கிக் கிழங்கு பருக்காமல் போகும். இந்தப் பயிரைக் குச்சி வெட்டி நடுவதால் சென்ற ஆண்டுச் செடியின் வைரஸ் இந்த ஆண்டுச் செடிக்குக் குச்சியோடே வந்துவிடுகிறது. போதாததற்கு வெள்ளை ஈயும் பரப்புகிறது. ஆகவே ஒரு ரகத்தின் எதிர்ப்புத்திறனை ஒரே பருவத்தில் எடைபோட முடியாது. முதல் ஆண்டில் பச்சைப் பசேலென்று நிற்கும் செடி வெறுமனே தப்பியதாகவும் இருக்கலாம். நோய் மலிந்த நிலத்தில் அதன் குச்சியையே ஆண்டுக்கு ஆண்டு நட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதே தான்சானியாவின் உசம்பாரா மலையிலிருந்த அமானி ஆராய்ச்சி நிலையத்தில் எச். எச். ஸ்டோரியும் ஆர். எஃப். டபிள்யூ. நிக்கல்ஸும் 1930களில் தொடங்கிய வேலை அப்படிப்பட்ட பொறுமையால் வளர்ந்தது. பல இடத்து ரகங்களைத் திரட்டிச் சோதித்தும் நோய் அண்டவே அண்டாத மரவள்ளி ஒன்றும் அகப்படவில்லை. அதனால் மரவள்ளியின் உறவான சியாரா ரப்பர் மரத்தோடு கலப்புச் செய்தார்கள். பிறந்த செடிகளில் எதிர்ப்பு இருந்தது, கிழங்கு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மரவள்ளியோடு மறுபடி மறுபடி கலந்தே அதைச் சீர்செய்ய வேண்டியிருந்தது. 1950களில் டி. எல். ஜென்னிங்ஸ் அந்த வேலையைத் தொடர்ந்தார். அமானி விதை நைஜீரியாவுக்குப் போய், அங்கே 58308 என்ற எண்ணுள்ள செடி தேர்வானது. அதுவும் விளைச்சலில் பின்தங்கியதுதான். மகசூலை மட்டும் பார்த்திருந்தால் அன்றே ஒதுக்கியிருப்பார்கள். 1967-இல் அந்நாட்டின் இபாதானில் அமைந்த பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் எஸ். கே. ஹான் அதையே கலப்புக்கு எடுத்துக்கொண்டதால்தான் 1970களில் டிஎம்எஸ் 30572 போன்ற ரகங்கள் வந்தன.

எதிர்ப்பு ரகத்திலும் தேமல் தெரிகிறதே, பிறகென்ன எதிர்ப்பு என்று கேட்கலாம். அத்தகைய செடியில் வைரஸ் உடல் முழுதும் பரவுவதில்லை. நோய்கண்ட செடியின் மேற்கிளையில் வெட்டிய குச்சி பல வேளை நோயின்றித் துளிர்க்கிறது. ஆண்டுகள் போனாலும் வயல் முழுதும் நோயாகிவிடாததற்கு அதுவே காரணம். நோயுற்றதைப் பிடுங்கி நல்ல குச்சி நட்டால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. பரவல் மந்தமான இடத்தில் போதும். உகாண்டாவில் 1980களின் இறுதியில் கிளம்பிய கொடிய பரவலில், விவசாயிகள் விரும்பி நட்ட எப்வானடெரக்கா ரகம் அழிந்தே போனது. பிடுங்கத் தொடங்கியிருந்தால் வயலில் எதுவும் மிஞ்சியிருக்காது. இரண்டு வைரஸ்களின் மரபுப்பொருள் கலந்து உருவான வகையே அங்கே பரவியது என்று 1997-இல் தெரியவந்தது. அங்கே கைகொடுத்தவற்றுள் டிஎம்எஸ் 30572-உம் ஒன்று.

எதிர்ப்பை மட்டும் பார்த்து ரகம் தேர்வதற்கு எதிராக, மறுக்கக் கடினமான வாதம் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து வருகிறது. 1963-இல் தொடங்கிய திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட எச்-226 அங்கே ஜவ்வரிசி ஆலைகளுக்காகப் பரவியது. தேமலுக்கு எளிதில் ஆட்படும் ரகம் அது. நைஜீரியாவிலிருந்து வந்த செடியைக் கொண்டு ஸ்ரீ பத்மநாபா என்ற எதிர்ப்பு ரகம் தமிழ்நாட்டுக்கென்றே பின்னர் வெளியானது. ஆனால் ஆலை விலை போடுவது கிழங்கின் மாவுச்சத்து அளவைக் காட்டும் பாயிண்டை வைத்து. இலையின் பச்சைக்கு அது காசு தராது. விவசாயியின் இந்தக் கணக்கு நியாயமானது. ஆகவே இலையின் தேமலுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் ஆய்வாளர், அதே வரிசையில் பாயிண்டையும் முதல் ஆண்டிலிருந்தே குறிக்க வேண்டும். பாயிண்ட் குறைந்த எதிர்ப்புச் செடியையும் 58308-ஐக் காத்தது போலவே கலப்புக்காகக் காத்துவைக்க வேண்டும்.