மலைமேல் ஒரு தீவு

கடல் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். காலம் சூழ்ந்து தனித்துவிட்ட நிலத்தையும் அப்பெயரால் அழைக்கலாமெனில், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலக்கோடாய்த் தெரியும் கல்வராயன் மலை ஒரு தீவுதான்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது. அச்சட்டத்தின் காற்று இம்மலைமீது வீசவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் ஜாகிர்தார் மரபினரின் ஆளுகை இங்கு நீடித்தது. அரசு இம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது 1976-இல்தான். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆகியும் இங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் ஜாகிர்தாருக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தனர். காஞ்சியிலிருந்து மலையேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்பது இவர்களது வாய்மொழி மரபு; பேசுவது தமிழே.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் அந்நகரில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபின், மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. மலையை நாம் நினைத்துப் பார்க்க அடிவாரத்தில் அத்தனை பிணங்கள் விழவேண்டியிருந்தது.

இன்று மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் பயணிகள் செல்கின்றனர். சுற்றுலா வளர்ந்தால் மலை செழிக்கும் என்கிறார்கள். யார் செழிப்பார்கள் என்பதே நம் கேள்வி. விடுதியும் வண்டியும் உணவும் சமவெளியாருடையதாக இருப்பின், மலையாளிக்கு எஞ்சுவது கூலியும் குப்பையும்தான். நிலம் கைமாறிவிட்டாலோ, பழைய ஜாகிர் புதிய பெயரில் திரும்பிவிடும்.

மாற்றுவழி நமக்கு அருகிலேயே உள்ளது. தேக்கடியில், பெரியாறு காப்பகத்துக் காட்டில் களவாகப் பட்டை உரித்து விற்றவர்கள், 1990-களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகத் திரட்டப்பட்டனர். அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாயினர், காட்டுக்குக் காவலுமாயினர். காட்டுத் தடங்களை அவர்களைவிட நன்கறிந்தவர் எவர்? குற்றத்துக்குப் பயன்பட்ட அறிவு அங்கே பிழைப்புக்கு முதலாயிற்று. சாராய அடுப்பின் பழியைச் சுமக்கும் ஒரு மலைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

சட்டமும் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் பேணவும் கிராமசபைக்கு அதிகாரம் அளிக்கிறது. அருவிக்கரையின் நுழைவுக் கட்டணம் கிராமசபைக்குச் சேரட்டும். சாமையும் தினையும் தேனும் கடுக்காயும் விளைவித்தோர், திரட்டியோர் கையாலேயே விற்கப்படட்டும். எத்தனை வண்டிகளை மலை தாங்கும் என்பதை அங்கு வாழ்வோர் முடிவுசெய்யட்டும்.

1976-இல் ஜாகிர்தாரிடமிருந்து அரசு பெற்றுக்கொண்டது மலையை. அதை மலைமக்களிடம் ஒப்படைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. அருவி பார்க்கப் போகும் நாம் விருந்தாளிகள். வீட்டுக்காரர் யார் என்று தெரிந்துகொண்டு படியேறுவதே முறை.