மார்கரெட்டும் மரேட்டும்

தமிழகம் நன்றியோடு நினைக்கும் அயர்லாந்துப் பெண்மணிகள் இருவர். ஒருவர் 1867 இல் டங்கனனில் பிறந்து, பாரதி குருமணியாகப் போற்றிய சகோதரி நிவேதிதை. மற்றவர் 1878 இல் பாய்ல் என்னும் ஊரில் பிறந்து, 1917 இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான திருமதி கசின்ஸ். இருவருக்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்றே: மார்கரெட். அந்தப் பெயருக்கு ஐரிஷ் மொழியில் மரேட் என்றொரு வடிவம் உண்டு. இருவரும் புரொட்டஸ்டன்ட் குடும்பத்தார் என்பதால் ஆங்கில வடிவம் அமைந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்நாளில் ஐரிஷ் பேசிய கத்தோலிக்க வீடுகளிலும் நிலைமை இதுதான். அடுப்படியில் மாரெ என்று அழைக்கப்பட்டவள் பதிவேட்டில் மேரி ஆனாள். ப்ரீட் என்பவள் பிரிட்ஜெட் ஆனாள். வாயில் வாழ்ந்த பெயர் ஏட்டில் ஏறவில்லை. இன்று பாஸ்டனிலோ சிட்னியிலோ வளரப்போகும் பெண் குழந்தைக்கு ஐரிஷ் பெயர் தேடுகிறவர்கள் இந்தப் பிளவிலிருந்துதான் யோசிக்கத் தொடங்க வேண்டும். வைப்பதென்று முடிவு செய்தால் ஒலியையும் எழுத்தையும் பிரிக்காமல் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறினார்கள். ஐரிஷ் மொழி உயிரோடிருந்த மேற்கும் தெற்கும்தான் மிகுதியாகக் காலியாயின. அமெரிக்க நகரங்களில் வீட்டு வேலைக்குப் போன இளம்பெண்களில் பிரிட்ஜெட்டுகள் ஏராளம். அதனால் 'பிரிட்ஜெட்' என்றாலே, அதன் சுருக்கமான 'பிடி' என்றாலே, வேலைக்காரி என்று பொருள் கொள்ளும் ஏளனம் அங்கே பரவியது. கில்டேர் நகரின் புனிதப் பெண் ஒருத்தியின் பெயர் அது. பேத்திகளுக்கு அந்தப் பெயரை வைக்கப் பலரும் கூசினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 2023 முதல் அயர்லாந்தில் அந்தப் புனிதரின் பெயரால் பொது விடுமுறை விடப்படுகிறது. பெண்ணொருத்தியின் பெயரால் அங்கே அமைந்த முதல் பொது விடுமுறை அதுவே.

பழைய பெயர்களைக் கைவிட்ட புலம்பெயர்ந்தோர் புதியவற்றை ஆக்கிக்கொண்டார்கள். 'காலீன்' என்பது 'கலீன்' என்னும் ஐரிஷ் சொல்லின் ஆங்கிலத் திரிபு. பொருள் வெறுமனே 'பெண்'. 'எரின்' நாட்டின் பெயர். 'ஷானன்' ஆற்றின் பெயர். இவற்றைப் போலி என்று ஒதுக்க நான் துணியமாட்டேன். ஊரையும் ஆற்றையும் இழந்தவர்கள் அவற்றை மகளின் பெயராக மீட்டுக்கொண்டார்கள். அதில் உண்மையான ஏக்கம் இருக்கிறது. என் கவலை வேறு. கட்லீன் என்னும் பெயரின் எழுத்து மட்டும் அமெரிக்கா போனது. அங்கே அதை ஆங்கில முறையில் 'கேட்லின்' என்று படித்தார்கள். படித்தபடியே பின்பு பத்துவிதமாக எழுதினார்கள். இன்று அந்தப் பெயரில் அயர்லாந்தின் ஒலியும் இல்லை, எழுத்தும் இல்லை. 'கீரா' என்பதற்கும் இதே கதி: கருமை என்னும் பொருளில் பிறந்த அந்தப் பெயர், அதே ஐந்து ரோமன் எழுத்தோடு அமெரிக்காவில் 'சியாரா' ஆகிவிட்டது. மறுபக்கம், ஷிவான், நீவ் போன்ற பெயர்களின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆங்கிலக் காதுக்கு ஏற்றபடி எழுதுகிறவர்கள் உண்டு. அந்த எழுத்தில் 'நீவ்' என்றால் ஒளி என்பதோ, பழங்கதையில் இளமை குன்றா நாட்டுக்கு ஓசீன் என்னும் வீரனைக் குதிரையேற்றிப் போன பொன்முடியாள் பெயர் அது என்பதோ தேடுகிறவர் கண்ணில் படாது.

ஐரிஷ் எழுத்துக்கூட்டலே ஒழுங்கற்றது, அதைக் குழந்தையின் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். தமிழ் படித்தவருக்கு இதற்கு விடை எளிது. நம் ககரம் 'கல்' என்பதில் ஒரு விதம், 'தங்கம்' என்பதில் ஒரு விதம், 'அகம்' என்பதில் இன்னொரு விதம் ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது. இதை யாரும் குழப்பம் என்று சொல்வதில்லை. ஐரிஷிலும் மகரம் மென்மையாகும்போது வகரம்போல் ஒலிக்கும். முன்பு அதைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் ரோமன் அச்சு நிலைத்தபோது புள்ளிக்குப் பதில் 'எச்' வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. நீவ் என்னும் பெயரின் கடைசியில் நிற்கும் 'எம்', 'எச்' இரண்டும் சேர்ந்து ஒரு வகரம், அவ்வளவுதான். மெய்யெழுத்தின் இருபுறமும் ஓரினத்து உயிரெழுத்துகளே நிற்க வேண்டும் என்றொரு விதியும் உண்டு; பெயர்களுக்குள் ஒலிக்காத உயிர்கள் பல திரிவது அதனால்தான். ஆங்கில விதியால் படித்தால் புதிர். தன் விதியால் படித்தால் தெளிவு.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு: எழுத்தே காலந்தோறும் மாறியிருக்கிறதே, எதை மூலம் என்பது? நியாயமான கேள்வி. ஐரிஷ் பழங்கதைகளில் வரும் மேவ் அரசியின் பெயர் பழைய ஏடுகளில் ஒரு விதம், பிற்காலத்தில் ஒரு விதம், எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் வேறு விதம். ஒலியும் ஒன்றல்ல: வேறொரு பெண் பெயரை வடக்கே 'கீவா' என்பார்கள், மற்ற இடங்களில் 'க்வீவா' என்பார்கள். ஆனால் இந்த மாற்றங்கள் மொழிக்குள்ளே, அதைப் பேசியவர்களால் நிகழ்ந்தவை. வேறொரு மொழியின் வாசகருக்கு வசதியாக வெட்டித் தைப்பது அந்த வகையில் சேராது.

பெயர் மொழிக்குள் எப்படி நடமாடுகிறது என்பதை விளி வேற்றுமை காட்டும். கண்ணனைக் 'கண்ணா' என்று அழைக்கும் நமக்கு இது பழகிய செய்தி; நாம் கூப்பிடும்போது பெயரின் வால் மாறுகிறது, ஐரிஷில் தலை மாறுகிறது. மாரெயை அழைக்கும்போது 'அ வாரெ'. மரேட்டை அழைக்கும்போது 'அ வரேட்'. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் இதே வழக்கம். அங்கே 'வாரி' என்னும் விளிவடிவமே தனிப்பெயராகிவிட்டது. ஹாமிஷ் என்னும் ஆண் பெயரும் அப்படிப் பிறந்ததே. ஆனால் இப்படி அன்றாடம் அழைக்கும் வாய்கள் குறைவு. அயர்லாந்தின் 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். வெளிநாட்டில் வளரும் பெண்ணுக்கு அந்த மொழியில் சொந்தமாகக் கிடைக்கப்போவது பெரும்பாலும் அவள் பெயர் ஒன்றே. அதையாவது முழுதாகக் கொடுக்கலாம்.

வாழ்நாள் முழுவதும் எழுத்துக்கூட்டிச் சொல்லும் பாரத்தைப் பிள்ளைமேல் ஏற்றலாமா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் ஆசிரியர் பெயர்ப்பட்டியலில் வந்து தயங்கி நிற்கும் அந்த ஒரு கணம் குழந்தைக்குச் சிறியதல்ல. அதற்கு வழி, பெயரைச் சிதைப்பதல்ல; தேர்வில் கவனம் வைப்பது. நோரா, ஊனா, ஓர்லா போன்ற பெயர்கள் சொந்த எழுத்திலேயே பிறமொழிக்காரர் வாயிலும் வழுக்கிப் போகும். இவற்றில் உயிரெழுத்தின் மேல் ஒரு சாய்கோடு உண்டு. அது நெடிலின் அடையாளம். ஆண் பெயரான ஷானில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'கிழடு' என்னும் சொல். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் அதற்கு இடமில்லை. கலிஃபோர்னியாவின் பிறப்புச் சான்றிதழ்களும் நெடுங்காலம் அதை ஏற்கவில்லை. படிவம் விடாவிட்டாலும் வீட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் கோட்டைப் போட யாரும் தடுக்கப்போவதில்லை. நீவ், கீவா போன்றவற்றை விரும்புகிறவர்கள், மகள் பள்ளிக்குப் போகும் முன்பே மேலே சொன்ன மகர விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடட்டும். கேட்கிறவருக்கு அவளே விளக்குவாள்.

பழமைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவும் தேவையில்லை. விடுதலை என்று பொருள்படும் சீர்ஷா இருபதாம் நூற்றாண்டில்தான் பெயரானது. காட்டுத்தன்மையைச் சொல்லும் ஃபீயா, 2021 இல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக வைக்கப்பட்ட பெயர். ஒரு தலைமுறைக்கு முன் அதைக் கேட்டவர் அரிது. இளமையான பெயர்களானாலும் இவை வேரிலேயே தளிர்த்தவை. ஷிவானும் ஷினேடும்கூட 1169 க்குப் பின் நார்மானியரோடு வந்த பிரெஞ்சுப் பெயர்கள். ஐரிஷ் நாவும் ஐரிஷ் எழுத்தும் சேர்ந்து அவற்றைத் தமதாக்கிக்கொண்டன.

குடும்பப் பெயரையும் பார்த்துவிட வேண்டும். ஓடோனல் என்பதில் முன்னே நிற்கும் 'ஓ'வுக்குப் பேரன் என்று பொருள். ஐரிஷில் மகள் அதைச் சுமப்பதில்லை. அவளுக்கு 'இன்னாரின் வழிவந்த மகள்' என்னும் பொருளில் வேறொரு முன்னொட்டு உண்டு. அயல்நாட்டுப் பதிவேட்டில் அவள் பெரும்பாலும் 'ஓ'வோடுதான் ஏறுவாள். அண்ணன் பெயரும் அவள் பெயரும் வேறுபட்டால் அலுவலகங்களில் சிக்கல் வரும். ஆகவே அவள் ஒரு பெண் என்பதையும், எந்த மொழியின் வழிவந்தவள் என்பதையும் சொல்லும் வேலை முழுக்க முதற்பெயருக்கே வந்து சேர்கிறது.