குற்றக் குறியீடும் குடியிருப்பின் காப்பும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பாதுகாப்பை அளப்பது குறித்து

1. சிக்கல்

காவல்துறையின் ஏடுகளை மட்டும் படித்தால், மலேசியா பதினைந்து ஆண்டுகளுக்குள் வியக்கத்தக்க அளவில் பாதுகாப்பான நாடாகியிருக்கிறது. 2009இல் ஏறத்தாழ 2 லட்சத்து 9 ஆயிரமாக இருந்த குறியீட்டுக் குற்றங்கள் 2019இல் 83,456ஆகக் குறைந்தன. பெருந்தொற்றுக் காலத்தின் முடிவில், 2022இல், அவை 50,813. அடுத்த ஆண்டு சற்றே ஏறி 52,444. அதாவது, 2009இல் நான்கு குற்றங்கள் பதிவான இடத்தில் 2023இல் ஒன்றுதான் பதிவானது.

இதே காலத்தில்தான், கோலாலம்பூரும் அதைச் சூழ்ந்த சிலாங்கூர் நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில், தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் தடுப்புக் கோல்களும் காவல் கூண்டுகளும் பெருகின. சாலையை மறித்து, காவலரை நிறுத்தி, மாதந்தோறும் பணம் திரட்டிக் குடியிருப்பாளர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத் தொடங்கினர். குற்றம் குறைந்துகொண்டே வரும் ஊரில் வேலிகள் ஏன் உயர வேண்டும்?

இதற்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. மக்களின் அச்சம் அளவுக்கு மீறியது என்பது அதிகாரிகளின் விடை. எண்களே புரட்டு என்பது எதிர்த்தரப்பின் விடை. இரண்டும் போதாதவை. குற்றக் குறியீடு அளப்பது காவல்துறையின் வேலைச்சுமையை. குடியிருப்பின் பாதுகாப்பு வேறொரு பொருள். இவ்விரண்டையும் ஒன்றென்று கொண்டதன் விளைவாக, பாதுகாப்பு என்பது வாங்கும் வசதியுள்ளவருக்கு விற்கப்படும் பொருளாகிவிட்டது. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு அடுக்குமாடிகளில் குடியேறிய தமிழர்கள் காவல்துறையின் கணக்கிலும் இடம்பெறவில்லை, வேலிக்குள்ளும் இடம்பெறவில்லை. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

2. குறியீடு எதை எண்ணுகிறது

மலேசியக் குறியீட்டில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை, காயம் விளைவித்தல் ஆகியவை வன்குற்றங்கள். வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, வழிப்பறி, பிற திருட்டுகள் ஆகியவை சொத்துக் குற்றங்கள். இவை அனைத்தும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்க்கப்படுகின்றன. காணாமற்போன ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கொலையும் அத்தொகையில் தலா ஒன்று. சொத்துக் குற்றங்கள் எப்போதும் பெரும்பான்மை என்பதால், வாகனப் பூட்டுகளின் தரம் உயர்ந்தாலே நாடு பாதுகாப்பானதாகத் தோன்றிவிடும்.

இந்தக் குறைபாட்டை அமெரிக்கா முன்பே கண்டுகொண்டது. 1930 முதல் நகரங்களின் குற்றப் பதிவுகளைத் திரட்டிவரும் கூட்டரசுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., தன் ‘குற்றக் குறியீடு’ என்ற கூட்டுத்தொகையை 2004இல் கைவிட்டது. சிறு திருட்டுகளின் பெருந்தொகை கடுங்குற்றங்களை மறைத்துவிடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நகரங்களைத் தரவரிசைப்படுத்த இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அவ்வமைப்பு எச்சரித்துவருகிறது. இருபதாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரில் ஓராண்டில் இரண்டு கொலைகள் நடந்தால் விகிதம் லட்சத்துக்குப் பத்து. மறு ஆண்டு ஒன்றும் நடக்காவிட்டால் விகிதம் சுழி. இதற்கிடையில் அவ்வூரார் வாழும் வாழ்க்கையில் எதுவும் மாறியிருக்காது.

குறியீட்டுக்கு வெளியே நிற்பவையும் முக்கியமானவை. இணையவழி மோசடிகள் வணிகக் குற்றப் பிரிவின் கணக்கில் வருகின்றன, குறியீட்டில் வருவதில்லை. 2023இல் மட்டும் இவற்றால் மலேசியர்கள் இழந்தது நூறு கோடி ரிங்கிட்டுக்கு மேல். 2022 அக்டோபரில் 997 என்ற எண்ணுடன் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை அரசு தொடங்கியதே இக்குற்றத்தின் பரப்பை ஒப்புக்கொண்டதற்குச் சான்று. திருடன் சன்னலை விட்டுவிட்டுக் கைப்பேசி வழியே வீட்டுக்குள் வந்தால், குறியீடு அதை முன்னேற்றம் என்றே பதிவு செய்யும்.

எண்ணும் முறை பற்றிய ஐயமும் பழையதே. 2010இல் தொடங்கிய அரசு உருமாற்றத் திட்டம் குற்றக் குறைப்பை இலக்காக்கி, அந்த இலக்கை எண்ணால் அளந்தது. குறியீட்டில் சேர வேண்டிய வழக்குகள் வேறு சட்டப் பிரிவுகளின் கீழ் பதியப்படுகின்றன என்ற குற்றச்சாட்டு 2012இல் எழுந்தது, அதிகாரிகள் மறுத்தனர். அந்த விவாதத்தின் முடிவு எதுவாயினும், அதிகாரியின் பதவி உயர்வும் அமைச்சரின் பெருமையும் ஓர் எண்ணைச் சார்ந்திருக்கையில், அதே எண்ணைக் குடிமகனின் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டுவது முறையன்று.

2013 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவ்வாண்டு ஜூலை 29 அன்று, அரப்-மலேசியன் வங்கியின் நிறுவனர் உசேன் நஜாடி கோலாலம்பூரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூடுகள் நாளிதழ்களின் முதல் பக்கங்களை நிறைத்தன. அரசே சிறப்பு நடவடிக்கையில் இறங்கியது. ஆயினும் ஆண்டுக் குறியீடு முந்தைய ஆண்டைவிடக் குறைந்தே காணப்பட்டது. எண்ணும் பொய்யில்லை, அச்சமும் பொய்யில்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பற்றியவை.

3. எல்லையும் வகுக்கும் எண்ணும்

கோலாலம்பூரின் ‘பிரிக்ஃபீல்ட்ஸில் குற்றம்’ என்று செய்தி வரும்போது வாசகர் மனத்தில் தோன்றுவது துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளும் துணிக்கடைகளும். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் போலீஸ் மாவட்டம் என்பது பங்சார், ஸ்ரீ ஹர்த்தாமாஸ், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் போன்ற செல்வர் வட்டாரங்களையும், பந்தாய் டாலாமின் மலிவுவிலை அடுக்குமாடிகளையும் சேர்த்த பெரும்பரப்பு. ஸ்ரீ ஹர்த்தாமாஸ் மாளிகையில் நடந்த கொள்ளையும் இந்த மாவட்டத்தின் பெயரால்தான் செய்தியாகிறது. அதன் களங்கமோ ‘லிட்டில் இந்தியா’ எனப் பெயர்பெற்ற ஒரு தெருவின்மேல் விழுகிறது. செங்கற்சூளைகளிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் தொடங்கி நூறாண்டுக்கு மேல் தமிழர் வாழ்ந்துவரும் இடத்துக்கு இது இழைக்கப்படும் அநீதி.

கிள்ளானில் சிக்கல் வேறுவிதம். அங்கே வட கிள்ளான், தென் கிள்ளான் என இரு போலீஸ் மாவட்டங்கள். கிள்ளான் அரச மாநகரமாக 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. ஆனால் மாநகர மன்றத்தின் எல்லை ஒன்று, போலீசின் எல்லை மற்றொன்று. தெருவிளக்கைப் பராமரிப்பது ஒருவர் பொறுப்பு. அத்தெருவில் நடந்த வழிப்பறியைப் பதிவது மற்றொருவர் பொறுப்பு. எந்தத் தெருவில் எத்தனை வழிப்பறி என்ற கணக்கு வெளிவராதவரை, விளக்கு எரியாததற்கும் குற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் குடியிருப்பாளர் சுட்டிக்காட்ட வழியில்லை.

குற்ற விகிதம் காண வகுக்கும் எண்ணும் ஏமாற்றக்கூடியதே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் ஏறத்தாழ 70 லட்சம் பேர். கோலாலம்பூரில் ஏறத்தாழ 20 லட்சம் பேர். மொத்த எண்ணிக்கையில் சிலாங்கூர் தொடர்ந்து முதலிடத்தில் நிற்பதற்கு அதன் மக்கள்தொகையே முதற்காரணம். கோலாலம்பூரிலோ பகலில் நடமாடுவோர் இரவில் உறங்குவோரைவிட மிகுதி. 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்த பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் வழியே நாள்தோறும் பெருந்திரள் கடந்துபோகிறது. அங்கே பயணி பறிகொடுத்த பையை, அங்கே குடியிருப்பவரின் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதம் எந்தக் குடும்பத்தின் பாதுகாப்பையும் சொல்லாது.

4. விலைக்கு வாங்கிய காவல்

தாமான் மக்கள் கூடிக் காவல் காப்பது மலேசியாவுக்குப் புதிதன்று. 1975இல் கொண்டுவரப்பட்ட ருக்குன் தெத்தாங்கா முறையில் ஆண்கள் முறைவைத்து இரவுச் சுற்று வந்தனர். 2012இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. அதன் அடிப்படை, அண்டை வீட்டாரின் உழைப்பு. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒன்றாக நடந்த இரவுகள் அவை.

இன்று அந்த இடத்தைப் பிடித்திருப்பது கட்டணக் காவல். 2007இன் அடுக்குமாடி உரிமைச் சட்டத் திருத்தம் வேலியிட்ட குடியிருப்புகளுக்குச் சட்டவடிவம் தந்தது. பொதுச் சாலைகள் கொண்ட பழைய தாமான்களுக்கோ 2010இல் வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு வழிகாட்டிகளை மட்டுமே வெளியிட்டது. இதனால் எழுந்த வழக்குகளில் முதன்மையானது, கோத்தா டாமன்சாராவின் டிவில்லா இக்குஸ்ட்ரியன் குடியிருப்பைப் பற்றியது. கட்டணம் செலுத்த மறுத்த குடியிருப்பாளர், தடுப்புக் கோலைத் தாமே தூக்கிக்கொண்டு செல்ல வேண்டியிருந்தது. அது பொதுச் சாலைக்குத் தடை என்று வழக்காடினார். ஊராட்சி மன்றத்தின் இசைவுடன் அமைந்த கட்டுப்பாடு, சட்டவிரோதத் தடையாகாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு சட்டப்படி சரியானதாக இருக்கலாம். வேலி போட்டவர்களையும் குறைசொல்ல முடியாது. வீடு புகுந்த திருடனிடம் தாலியைப் பறிகொடுத்த குடும்பத்திடம் சமூக நீதி பேசுவது எளிதன்று. ஆயினும் இதன் சமூக விளைவை மறைக்கவும் இயலாது. கட்டணம் கட்ட இயலும் தாமான் காக்கப்படுகிறது; இயலாத தாமானை நோக்கிக் குற்றம் நகர வாய்ப்பு மிகுகிறது. வசதியுள்ளோர் தங்கள் காவலை வாங்கிக்கொண்ட பின், பொதுக் காவல் மேம்பட வேண்டும் என்று குரல் கொடுக்க வலுவுள்ளவர்கள் குறைந்துபோகிறார்கள். வேலி விளைவிக்கும் பெருந்தீங்கு இதுவே.

5. அடுக்குமாடிகளின் பாதுகாப்பு

கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டபோது, தோட்டப் பாட்டாளிகள் வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்தனர். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும் சூழ்ந்த வாழ்க்கை கலைந்தது. பலர் புறம்போக்கு நிலங்களுக்கும், அங்கிருந்து நீண்ட வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தனர். 2001 மார்ச்சில் கம்போங் மேடான் பகுதியில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட வன்முறை, இப்படி நெருக்கித் தள்ளப்பட்ட ஏழைகள் நடுவேதான் மூண்டது. இனப் பகை என்று மட்டும் அதை விளக்குவோர், அந்த மக்கள் வாழ்ந்த இடத்தின் நெரிசலையும் புறக்கணிப்பையும் கணக்கில் கொள்வதில்லை.

கோலாலம்பூர் மாநகர மன்றத்தின் பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்ட) அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 ரிங்கிட். அந்த மலிவு ஏழைக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பழுதான மின்தூக்கி, இருண்ட படிக்கட்டு, பிள்ளைகள் விளையாட இடமின்மை ஆகியவை அங்கே அன்றாடப் பாதுகாப்புச் சிக்கல்கள். 2018 ஜனவரியில், பந்தாய் டாலாமின் ஸ்ரீ பந்தாய் பிபிஆரில், மேல்மாடியிலிருந்து எறியப்பட்ட நாற்காலி விழுந்து கீழே நடந்துவந்த 15 வயதுத் தமிழ்ச் சிறுவன் இறந்தான். குறியீட்டில் அது மிஞ்சினால் ஒரு வழக்கு. அந்தக் கட்டடங்களின் கீழ் நாள்தோறும் நடக்கும் ஒவ்வொரு தாய்க்கும் அது நீங்காத அச்சம். மேலிருந்து விழும் பொருளைத் தடுக்கும் கூரை, குப்பையை அகற்றும் ஒழுங்கு, மாடிக்கு மாடி பொறுப்பாளர் ஆகிய எளிய ஏற்பாடுகளும் குற்றத்தடுப்பே.

அமெரிக்க அறிஞர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய துணையாய்வாளர்களும் சிகாகோ நகரின் அண்டைப்பகுதிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். வறுமை நிலவினும், ஒருவரையொருவர் நம்பி, பொது நலனுக்காகத் தலையிட முன்வரும் மக்கள் வாழும் பகுதிகளில் வன்முறை குறைவு என்று அவர்கள் காட்டினர். தோட்ட வாழ்க்கையில் வறுமை இருந்தது. ஆனால் தெருவில் தவறு செய்யும் பிள்ளையை எந்த வீட்டுப் பெரியவரும் கண்டிக்கலாம் என்ற உரிமையும் இருந்தது. குடும்பங்களை மாடிகளில் சிதறவைத்த குடிபெயர்ப்பு அந்த உரிமையைக் கலைத்தது. வெறும் கண்காணிப்புக் கேமராவால் அதை மீட்க இயலாது.

6. ஐயத்துக்குரியவராக்கப்பட்ட சமூகம்

2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் உறுப்பினர் எனக் கூறப்பட்ட 40 ஆயிரத்துச் சொச்சம் பேரில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் அறிவித்தது. நாட்டு மக்களில் ஏழு விழுக்காடு அளவே உள்ள சமூகத்தைப் பற்றிய இந்த எண் எளிதில் பரவியது. அதன் பின்னிருந்த நிலமிழப்பும் பள்ளி இடைநிற்றலும் வேலையின்மையும் அந்த அளவுக்குப் பரவவில்லை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) திரைப்படம், தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்துச் சிறுவன் கும்பலை நோக்கி ஈர்க்கப்படுவதைக் காட்டியது; பல அறிக்கைகள் தொடாத உண்மை அது.

பட்டியலுக்குப் பின் வந்தது தடுப்புச் சட்டம். விசாரணையின்றித் தடுத்துவைக்க இடந்தந்த 1969இன் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்டதால் விடுதலையான ஏறத்தாழ 2,600 பேரே குற்றப்பெருக்குக்குக் காரணம் என்று அரசு வாதிட்டது. 1959இன் குற்றத்தடுப்புச் சட்டத்தை அது 2013இல் திருத்தி, விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தை மீண்டும் கொண்டுவந்தது. குடியிருப்பின் பாதுகாப்புக்கென்று சொல்லப்பட்ட இந்த அதிகாரத்தின் சுமை எந்த வீடுகளில் விழுந்தது என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் அறியும்.

2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்த 22 வயது ஏ. குகனின் வழக்கில், 2013இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கியது. துன் முகமது ட்சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005இலேயே 125 பரிந்துரைகளை வழங்கி, போலீஸ் முறைகேடுகளை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டுமென்றது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய ஆணையத்துக்கோ நேரடியாகத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. போலீஸ் நிலையத்துக்குப் போகவே தயங்கும் குடும்பம் புகார் கொடுக்காது. புகார் இல்லாத இடத்தில் குற்றக் குறியீடு தாழ்ந்தே இருக்கும். தாழ்ந்த எண் சில இடங்களில் நம்பிக்கையின்மையின் அளவாகவும் இருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர் மறத்தல் ஆகாது.

7. முடிவுரை

குறியீட்டைத் தூக்கியெறிய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கையன்று. கொலை, வாகனத் திருட்டு போன்றவை பெரும்பாலும் புகாராகிவிடுவதால், நீண்டகாலப் போக்கை அறிய அவை உதவும். ஆனால் குடியிருப்பின் பாதுகாப்பை அளக்க வேறு ஏற்பாடுகள் தேவை.

முதலாவதாக, குற்றப் பதிவுகளை மாவட்ட அளவில் நிறுத்தாமல், போலீஸ் நிலைய வாரியாக, குற்ற வகை பிரித்து வெளியிட வேண்டும். இரண்டாவதாக, அமெரிக்கா 1973 முதல் நடத்திவருவதுபோல், பாதிக்கப்பட்டோரை வீடுவீடாகக் கேட்டறியும் கணக்கெடுப்பைப் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் நடத்த வேண்டும்; தமிழிலும் கேட்க வேண்டும். மூன்றாவதாக, 2004இல் தொடங்கிய பாதுகாப்பான நகரத் திட்டம் வணிகத் தெருக்களின் நடைபாதைத் தடுப்புகளோடும் கேமராக்களோடும் நிற்காமல், பிபிஆர் படிக்கட்டுகளுக்குள்ளும் நுழைய வேண்டும். பார்வையற்றோர் நலச் சங்கம் இயங்கும் பிரிக்ஃபீல்ட்ஸில், வெள்ளைக் கோலுடன் ஒருவர் தனியே நடந்து வீடு சேர முடிகிறதா என்பதும் பாதுகாப்பின் அளவுகோலாக வேண்டும். நான்காவதாக, போலீஸ் முறைகேட்டை விசாரிக்கும் ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் தரப்பட வேண்டும். நம்பிக்கை பிறந்தால்தான் புகார் வரும். புகார் வந்தால்தான் கணக்கு மெய்யாகும்.

பாதுகாப்பு சாலை, குடிநீர் போலக் குடிமக்கள் அனைவருக்கும் அரசு கடமைப்பட்ட பொதுச் சேவை. தடுப்புக் கோலுக்குப் பணம் கட்ட முடியாத குடும்பமும் அச்சமின்றி உறங்கும் நாளில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் குற்றம் குறைந்தது என்று சொல்லும் தகுதி அரசுக்கு வரும்.