பேஸ்பால் ஜெர்சி

பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அணியும் சட்டை ஜெர்சி எனப்படுகிறது. முன்பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை பட்டன், காலர் இல்லாத கழுத்து, அரைக்கை, மார்பில் அணியின் பெயரோ ஊரின் பெயரோ, முதுகில் எண். இன்று எங்கும் காணப்படும் வடிவம் இதுதான். யார் எந்த அணி என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகத் தைக்கப்பட்ட இந்த உடை ஒன்றரை நூற்றாண்டில் ரசிகர்களின் உடையாகி, பிறகு ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகும் பொருளாகவும் ஆனது.

பேஸ்பாலின் முதல் சீருடை நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கத்துடையது. நீலக் கம்பளிக் காற்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி ஆகியவற்றை அச்சங்கம் 1849 ஏப்ரலில் ஏற்றுக்கொண்டது. அதன் உறுப்பினர்கள் கூலிக்கு ஆடியவர்கள் அல்லர்; வணிகர்கள், எழுத்தர்கள் எனப் பொழுதுபோக்குக்காக ஆடியவர்கள். அவர்களுக்குச் சீருடை என்பது சங்கத்தின் மதிப்பைக் காட்டும் உடை. அதன்பின் பரவிய சட்டைகளில், தன்னார்வத் தீயணைப்புப் படையினர் அணிந்ததைப் போல, மார்பின் மேல் கேடய வடிவத் துணி ஒன்றைப் பட்டன் வைத்துப் பொருத்துவார்கள். சங்கத்தின் முதலெழுத்து அதில் இருக்கும்.

எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி 1869இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். ஹாரி ரைட் நடத்திய இந்த அணி முழுக்காற்சட்டையைக் கைவிட்டு முழங்காலோடு முடியும் காற்சட்டைக்கு மாறியது. அதனால் வெளியே தெரிந்த சிவப்புக் காலுறையே அணிக்குப் பெயராயிற்று. பாஸ்டன் ரெட் சாக்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ் என்ற பெயர்களும் காலுறை வழி வந்தவைதான். 1882இல் தொழில்முறை அணிகளின் அமைப்பான நேஷனல் லீக் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், அணியைக் காலுறையின் நிறம் காட்டட்டும், சட்டையின் நிறம் ஆடும் இடத்தைக் காட்டட்டும் என்று விதித்தது. ஆக, இரு அணிகளிலும் பந்து எறிபவர்களுக்கு ஒரே நிறச் சட்டை. எதிரெதிர் அணியினரைப் பிரித்தறிய முடியாமல் போனதோடு, ஆட்டக்காரர்கள் கோமாளிகளைப் போலத் தெரிகிறார்கள் என்ற கேலியும் சேர்ந்தது. விதி வந்த வேகத்திலேயே போனது.

ஏறத்தாழ 1970 வரை ஜெர்சியின் துணி ஃபிளானல்தான். கம்பளி, அல்லது கம்பளியும் பருத்தியும் கலந்த நெசவு. ஜூலை மாத வெயிலில் இதை அணிந்து ஆடுவது தண்டனைக்குச் சமம். வியர்வையை உறிஞ்சி உறிஞ்சிச் சட்டை கனத்துப்போகும். வெந்நீரில் துவைத்தால் சுருங்கும். ஒரு பருவத்துக்கு உள்ளூர்ச் சட்டை இரண்டு, வெளியூர்ச் சட்டை இரண்டு கொடுப்பது வழக்கம். பருவம் முடிந்ததும் அவை குப்பைக்குப் போவதில்லை. பெரிய அணியின் பழைய சட்டைகள் அதன் கீழுள்ள சிறிய லீக் அணிகளுக்குப் போகும். அங்கே மார்பிலுள்ள எழுத்தைப் பிரித்து வேறு எழுத்தைத் தைத்துக் கிழியும்வரை உடுத்துவார்கள். பழைய ஜெர்சிகள் இன்று அரிதாகக் கிடைப்பதற்கு இந்தச் சிக்கனமே முக்கியக் காரணம். 1944இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, விளக்கொளியில் மின்னட்டும் என்று இரவு ஆட்டங்களுக்குப் பளபளப்பான சாட்டின் சட்டைகளைத் தைத்தது. சாட்டின் ஃபிளானலைவிடவும் புழுக்கமானது.

சொந்த மைதானத்தில் வெள்ளை, வெளியூரில் சாம்பல் என்ற மரபு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவானது. ஊர் ஊராக ரயிலில் போகும் அணிக்குத் துவைக்க வசதியில்லை, சாம்பல் நிறம் அழுக்கை மறைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். நியூயார்க் யாங்கீஸின் மெல்லிய கோடுகளுக்கும் ஒரு கதை உண்டு: அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத்தின் தொந்தியை மறைக்கவே கோடு போட்டார்களாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. அந்த அணியின் சட்டையில் கோடு முதலில் வந்தது 1912இல், நிலைத்தது 1915இல். ரூத் யாங்கீஸுக்கு வந்ததோ 1920இல். சட்டையில் பின்னிக் கிடக்கும் என், ஒய் எழுத்துகள் அதற்கும் முந்தியவை. பணியில் சுடப்பட்ட ஒரு நியூயார்க் காவலருக்காக டிஃபனி நகை நிறுவனம் 1877இல் செய்த பதக்கத்தில் இருந்த வடிவம் அது. அணி அதை 1909இல் எடுத்துக்கொண்டது.

எண்கள் எளிதில் ஏற்கப்படவில்லை. கிளீவ்லாந்து அணி 1916இல் கையில் சிறிய எண்களைத் தைத்துப் பார்த்துக் கைவிட்டது. 1923இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் முயன்று விட்டுவிட்டது. 1929இல் யாங்கீஸும் கிளீவ்லாந்தும் முதுகில் பெரிய எண்களோடு வந்த பிறகே வழக்கம் ஊன்றியது. யாங்கீஸ் எண் கொடுத்த முறை எளியது: மட்டை பிடிக்கும் வரிசையே எண். மூன்றாவதாக வந்த ரூத்துக்கு 3, அடுத்து வந்த லூ கெரிக்குக்கு 4. தீராத நோயால் கெரிக் 1939இல் ஆட்டத்தை விட்டதும், அவருடைய 4ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அணி முடிவு செய்தது. வரிசையைக் காட்ட வந்த எண், ஒரு மனிதரின் பெயருக்கு நிகராகிவிட்டது.

இந்த மரபின் உச்சம் 42. பேஸ்பாலின் பெரிய லீக்குகளில் கறுப்பினத்தவர்க்கு இருந்த தடையை உடைத்து, 1947 ஏப்ரல் 15இல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கிய ஜாக்கி ராபின்சனின் எண் அது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், எல்லா அணிகளிலும் அந்த எண் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே அதை அணிந்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அவர்களில் கடைசியானவர் யாங்கீஸின் மரியானோ ரிவேரா, 2013இல் ஓய்வு பெற்றார். 2009 முதல் ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் ஆட்டக்காரர்கள் அனைவரும் 42 அணிகிறார்கள். ஆளை அடையாளம் காட்ட வந்த எண், அந்த ஒரு நாள் யாரையும் அடையாளம் காட்டுவதில்லை.

டாட்ஜர்ஸ் சட்டைக்கும் தனி வரலாறு உண்டு. மார்பில் சாய்ந்தோடும் நீலக் கையெழுத்து 1938இல் வந்தது. அதன்கீழ் வயிற்றருகே சிவப்பு எண் 1952இல் சேர்ந்தது. தொலைக்காட்சியில் முன்பக்கத்திலிருந்தும் ஆளைத் தெரியவேண்டும் என்பது நோக்கம். 1957 பருவத்தோடு அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. தொப்பியிலிருந்த எழுத்து மாறியது. மார்பிலிருந்த கையெழுத்து மாறவில்லை. கைவிடப்பட்ட புரூக்ளின் ரசிகர்களுக்கு அதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதுகில் பெயர் போடத் தொடங்கியது 1960இல், சிகாகோ ஒயிட் சாக்ஸ். உரிமையாளர் பில் வீக் விளம்பர உத்திகளுக்குப் பேர்போனவர். முதல் ஆண்டிலேயே ஆட்டக்காரர் டெட் குளூஷெவ்ஸ்கியின் நீண்ட பெயரில் ஓர் எழுத்தைத் திருப்பி வைத்தும் இன்னோர் எழுத்தைத் தப்பாகவும் தைத்து அனுப்பினார்கள். யாங்கீஸ் மட்டும் இன்றுவரை முதுகில் பெயர் போடுவதில்லை.

1970 ஜூலை 16 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் தன் புதிய மைதானத்தைத் திறந்தபோது, பட்டனும் இடுப்பு வாரும் இல்லாத, இழுபடும் செயற்கை இழை கலந்த சீருடையோடு வந்தது. கனமில்லை, சுருங்குவதில்லை, எந்தச் சாயத்தையும் பிடிக்கும். சில ஆண்டுகளிலேயே ஃபிளானல் மறைந்தது. கூடவே நிதானமும் மறைந்தது என்று சொல்லலாம். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 1975இல் வயிற்றைச் சுற்றி ஆரஞ்சு, மஞ்சள், சிவப்புப் பட்டைகளை அடுக்கியது. 1976 ஆகஸ்டில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அரைக்கால் சட்டையோடு களமிறங்கியது. மண்ணில் சறுக்கி விழும் ஆட்டத்தில் வெறும் முழங்காலோடு ஆடுவது என்னவாகும் என்பதை, 1943இல் தொடங்கிய பெண்கள் லீக்கில் குட்டைப் பாவாடையோடு ஆடித் தொடையெல்லாம் சிராய்ப்புப் பட்டவர்களைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். 1980களின் இறுதிக்குள் பட்டன் வைத்த சட்டை பெரும்பாலான அணிகளுக்குத் திரும்பியது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிப் புகைப்படங்களில் பார்வையாளர்கள் கோட்டும் டையும் தொப்பியுமாக இருக்கிறார்கள். சட்டை ஆடுபவருக்கு, பார்ப்பவருக்கு அல்ல. இந்த எல்லை கலைந்ததில் ஃபிலடெல்ஃபியாவின் மிச்செல் அண்ட் நெஸ் என்ற கடைக்குப் பங்குண்டு. 1904இல் தொடங்கிய அந்த விளையாட்டுப் பொருள் கடை, 1980களில் பழைய ஃபிளானல் துணி மூட்டைகள் கிடைக்கப்பெற்று, மறைந்துபோன ஜெர்சிகளை நூல் பிசகாமல் மறுபடி தைத்து விற்றது. 1988இல் தொடங்கிய எபெட்ஸ் ஃபீல்ட் ஃபிளானல்ஸ் என்ற நிறுவனம், நிறவெறிக் காலத்தில் தனியே ஆடவேண்டியிருந்த நீக்ரோ லீக் அணிகளின் சட்டைகளை மீட்டது. ஒயிட் சாக்ஸ் 1990இல் ஒரு நாள் 1917ஆம் ஆண்டுச் சீருடையில் ஆடியதும், மற்ற அணிகளும் பழைய உடையில் ஆடும் நாள்களை ஏற்படுத்தின. நூற்றாண்டின் முடிவில் ராப் பாடகர்கள் பழைய ஜெர்சிகளைப் பாட்டுக் காட்சிகளில் அணிய, பேஸ்பால் பார்க்காதவர்களும் வாங்கத் தொடங்கினார்கள்.

ரசிகர்களிடையே எழுதாத சட்டங்கள் பல. ஆடும் இரண்டு அணிகளையும் விட்டு மூன்றாவது அணியின் சட்டையோடு வருபவர் கேலிக்கு ஆளாவார். முதுகில் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது பல ஊர்களில் சிறுபிள்ளைத்தனம். பிடித்த ஆட்டக்காரர் எதிரணிக்குப் போய்விட்டால், பெயரின் மேல் பட்டையை ஒட்டுவோர் உண்டு, கொளுத்துவோரும் உண்டு. பகையின் அளவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். புதிய யாங்கீ மைதானம் எழும்பிக்கொண்டிருந்தபோது, ரெட் சாக்ஸ் ரசிகரான ஒரு கட்டுமானத் தொழிலாளி அங்கே காங்கிரீட்டுக்குள் தன் அணியின் ஆட்டக்காரர் டேவிட் ஓர்ட்டிஸின் ஜெர்சியைப் புதைத்துவிட்டார், யாங்கீஸுக்குச் சாபமாக. செய்தி கசிந்ததும் 2008 ஏப்ரலில் யாங்கீஸ் நிர்வாகம் காங்கிரீட்டை உடைத்து அதை எடுத்தது. கிழிந்து அழுக்கேறிய அந்தச் சட்டை, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டும் பாஸ்டன் அறக்கட்டளைக்காக ஏலம் விடப்பட்டு 1,75,100 டாலருக்குப் போனது.

ஜப்பானில் ஜெர்சி கூட்டுப் பாட்டின் உடை. அங்கே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு பாட்டு உண்டு. எக்காளமும் மத்தளமும் முழங்க, அவர் மட்டை பிடிக்கும்போதெல்லாம் ரசிகர்கள் அதைப் பாடுகிறார்கள். ஹன்ஷின் டைகர்ஸ் ரசிகர்கள், ஆட்டக்காரரின் பெயரையும் பாட்டின் வரிகளையும் எம்பிராய்டரி செய்த துணித்துண்டுகளைத் தங்கள் சட்டை முழுக்கத் தைத்துக்கொள்வதுண்டு.  

இன்றைய ஜெர்சி பெரும்பாலும் பாலியெஸ்டர். அதைக் கெடுப்பவை சூடும் காரமும். எழுத்துகளும் எண்களும் தனித் துணியில் வெட்டி, பின்புறம் பசை கொடுத்து, ஓரம் முழுக்க நெருக்கமாகத் தைக்கப்பட்டவை. உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் பசை இளகி எழுத்து நெளியும். விலை குறைந்த சட்டைகளில் தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டியிருப்பார்கள். அவை இன்னும் விரைவில் உரியும். எனவே பட்டனைப் போட்டு, உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப்போட வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவம் இழையின் மேல் படலமாகப் படிந்து வியர்வை உலர்வதைத் தடுக்கும். குளோரின் கலந்த வெளுப்பான் வெள்ளைச் சட்டையை மஞ்சளாக்கும். இஸ்திரி போட்டே ஆகவேண்டுமென்றால் உட்புறத்தில், மெல்லிய துணியை இடையே விரித்து.

மைதானத்துச் செம்மண்ணை ஈரத்தோடு தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். காயவிட்டு, உதறி, தூரிகையால் தட்டிய பிறகே நனைக்கவேண்டும். ரசிகரின் சட்டையில் மண்ணைவிட அதிகம் விழுவது ஹாட் டாக் மேல் ஊற்றும் கடுகுச் சாந்து. அமெரிக்கக் கடுகுச் சாந்துக்கு அந்த நிறத்தைத் தருவது மஞ்சள் தூள். மஞ்சள் கறை எதற்கு மங்கும் என்பது தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குத் தெரிந்ததே: சோப்பில் அலசி வெயிலில் போடவேண்டும். ஆனால் வெயில் எழுத்தின் சாயத்தையும் தின்னும். கறை பட்ட இடத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டி மற்றதை மூடிவைப்பது நல்லது. ஃபிளானல் சட்டைக்குக் கம்பளிக்கான மென்மையான சோப்பு, கைத்துவையல், தட்டையாக விரித்து உலர்த்தல். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கம்பளி தன் கனத்தால் நீண்டுவிடும். பெட்டியில் வைக்கும்முன் நன்றாகத் துவைத்திருக்க வேண்டும். அந்துப்பூச்சிக்குச் சுத்தமான கம்பளியைவிட வியர்வை படிந்த கம்பளி பிடிக்கும்.

ஆட்டக்காரர்கள் அணியும் சட்டையை 2005 முதல் மெஜஸ்டிக் நிறுவனம் எல்லா அணிகளுக்கும் தைத்தது. 2020 முதல் அது நைக்கியின் பெயரில் வருகிறது. 2023இல் கையில் விளம்பரப் பட்டை வந்தது. 2024இல் அறிமுகமான மெல்லிய துணியை ஆட்டக்காரர்களே பகிரங்கமாகக் குறைகூறினார்கள்: பெயரெழுத்து சிறியது, வெளியூர்ச் சாம்பல் சட்டையும் காற்சட்டையும் ஒரே சாம்பலாக இல்லை, வியர்வை திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டு பெயரெழுத்து பழைய அளவுக்குத் திரும்பியது.

அதே 2024 ஆகஸ்டில், 1932 வேர்ல்டு சீரிஸ் இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் பேப் ரூத் அணிந்த சாம்பல் ஃபிளானல் சட்டை 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அடிக்கும்முன் ரூத் கையை நீட்டிப் பந்து விழப்போகும் இடத்தைக் காட்டினாரா என்று இன்றும் வாதம் நடக்கும் ஆட்டம் அது. பிற்காலத்தில் அவரே தன் கோல்ஃப் நண்பர் ஒருவருக்கு அந்தச் சட்டையைக் கொடுத்துவிட்டார் என்பது வரலாறு. இத்தகைய சட்டை அசல்தான் என்று நிறுவ, பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி, எழுத்து எங்கே சாய்ந்திருக்கிறது, பட்டன் எந்த எழுத்தின் எந்த விளிம்பில் விழுகிறது என்று பொருத்திப் பார்க்கிறார்கள். கையால் தைத்த காலத்தில் எந்த இரண்டு சட்டையும் ஒன்றாக இருந்ததில்லை.

1939இல் கூப்பர்ஸ்டவுனில் திறக்கப்பட்ட பேஸ்பால் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பராமரிப்பு விதி தலைகீழ். இங்கே சட்டையைத் துவைப்பதில்லை. தோளில் கனம் விழாதபடி தொங்கவிடாமல் கிடத்தி, அமிலமற்ற தாளை மடிப்புகளுக்குள் வைத்து, மங்கிய வெளிச்சத்தில் பாதுகாக்கிறார்கள். முழங்கையில் படிந்த மண்ணும் கழுத்தின் வியர்வைக் கோடும், அந்தச் சட்டை எந்த ஆட்டத்தில் அணியப்பட்டது என்பதற்கான சான்றுகள்.