பொய் வலியும் மெய் வலியும்

கருவுற்ற ஏழாம், எட்டாம் மாதங்களில் வயிறு திடீரெனக் கல்போல் இறுகுவதும், சற்று நேரத்தில் தானாகத் தளர்வதும் பெரும்பாலான தாய்மார்கள் அறிந்ததே. வீடுகளில் இதனைச் 'சூட்டு வலி' என்பர். மருத்துவமனைகளில் 'பொய் வலி' என்பர். பெரும்பாலும் இது தீங்கற்றது. ஆனால், 'இது வெறும் சூட்டு வலிதான்' என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடும்போது, உண்மையான பேற்று வலியோ, அதைவிட அவசரமான ஒரு சிக்கலோ கவனிக்கப்படாமல் போகக்கூடும்.

லண்டனைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ், 1872-ஆம் ஆண்டில் இந்தச் சுருக்கங்களைப் பற்றி விரிவாக எழுதினார். குழந்தை பிறக்கும் வேளையில் மட்டுமன்றி, கருக்காலம் முழுவதுமே கருப்பை அவ்வப்போது சுருங்கித் தளர்கிறது என்பதை அவர் எடுத்துரைத்தார். மருத்துவ நூல்களில் இச்சுருக்கங்கள் இன்றளவும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. கருப்பை என்பது தசையாலான உறுப்பு. பேற்றுக்கு முன் அது மேற்கொள்ளும் ஒத்திகை என்று இதனைக் கொள்ளலாம். அந்த வகையில் 'பொய் வலி' என்ற பெயரே பொருத்தமற்றது. அந்தப் பெண் உணரும் இறுக்கம் உண்மையானது. பேறு தொடங்கவில்லை என்பது மட்டுமே அப்பெயரின் பொருள்.

ஒத்திகைச் சுருக்கத்துக்குச் சில இயல்புகள் உண்டு. அது ஒழுங்கற்றது; ஒருமுறை பத்து நிமிடத்திலும், மறுமுறை அரை மணி கழித்தும் வரும். நேரம் செல்லச் செல்ல வலுப்பதில்லை. பெரும்பாலும் வயிற்றின் முன்பகுதியில் மட்டுமே உணரப்படும். போதிய தண்ணீர் அருந்தாமை, சிறுநீரை அடக்கி வைத்தல், நெடுநேர வேலை, தாம்பத்திய உறவு, குழந்தையின் அசைவு ஆகியவை இதனைத் தூண்டலாம். சிறுநீர் கழித்து, இரண்டு குவளை தண்ணீர் அருந்தி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் பல வேளைகளில் அடங்கிவிடும். படுத்திருக்கையில் வந்தால், எழுந்து சற்று நடப்பதும் பயன் தரும்.

பேற்று வலி இவ்வாறு அடங்குவதில்லை. ஓய்வெடுத்தாலும், நடந்தாலும் அது தொடரும். இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு வலியும் முந்தையதைவிட வலுவாகவும் நீண்டும் இருக்கும். பலருக்கு அது இடுப்பின் பின்புறம் தொடங்கி முன்வயிற்றுக்குப் பரவும். சளி போன்ற கசிவு இளஞ்சிவப்பு நிறத்தில் வெளிப்படுவதும் உண்டு. எனினும், கருப்பை வாய் விரியத் தொடங்கிவிட்டதா என்பதைப் பரிசோதித்துத்தான் உறுதி செய்ய இயலும். வலியைத் தாங்க முடிகிறது என்பதால் பேறு தொடங்கவில்லை என்று கொள்வது தவறு.

ஐயம் எழும்போது ஒரு கடிகாரமும் தாளும் போதும். ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம் வரையிலான நேரத்தையும், ஒவ்வொரு வலியும் நீடிக்கும் நேரத்தையும் குறித்துவர வேண்டும். 37 வாரங்கள் நிறைந்த, வேறு சிக்கல் இல்லாத முதல் கருவெனில், ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்பட்டுவிட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இரண்டாம், மூன்றாம் பேறு விரைவாக நிகழக்கூடும் என்பதால், அத்தாய்மார்கள் அதுவரை காத்திருக்கலாகாது. மருத்துவமனைக்குத் தொலைவில் வசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

37 வாரங்கள் நிறையாதவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறை வயிறு இறுகினாலோ, அடிவயிற்றில் அழுத்தமோ புதிதாக முதுகு வலியோ தோன்றினாலோ, வலி கடுமையாக இல்லாவிட்டாலும் அப்போதே மருத்துவரை அணுக வேண்டும். குறைமாதப் பேறு நெருங்குகிறது எனத் தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி பெறத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி செலுத்தப்படுகிறது. 24 முதல் 34 வாரங்களுக்குள் இது பெரிதும் பயன் தருகிறது. ஆனால், அதன் முழுப் பயன் கிட்ட ஏறத்தாழ ஒரு நாள் தேவை. 'விடியட்டும், பார்ப்போம்' என்று கழியும் ஓர் இரவு, பிறக்கும் குழந்தையின் மூச்சுக்கு உரிய நேரம்.

சில அறிகுறிகள் எந்த வாரத்தில் தோன்றினாலும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை. இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், குறிப்பாக அது பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் இருத்தல், இடைவெளியின்றித் தொடரும் வலி, வயிறு தளராமல் இறுகியே இருத்தல், காய்ச்சல், கடும் தலைவலி, பார்வை மங்கல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியன அவை. 'மாதம் நிறைந்துவிட்டால் குழந்தை அசைவது குறையும்' என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது உண்மையன்று. அசைவின் தன்மை மாறலாம். ஆனால், வழக்கமான அசைவு குறைந்தால் அது எச்சரிக்கையே.

தமிழகத்தில் கூடுதல் கவனம் கோரும் மற்றொரு பிரிவினரும் உள்ளனர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் நிகழ்ந்த பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலமானவை. எனவே, இரண்டாம் முறை கருவுறும் பெண்களில் கணிசமானோரின் கருப்பையில் பழைய தழும்பு இருக்கும். பேற்று வலியின்போது அத்தழும்பு விலகும் வாய்ப்பு குறைவு எனினும், விலகினால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. இவர்கள் வீட்டில் கடிகாரம் பார்த்துக் காத்திருக்காமல், வலி தொடங்கியதுமே மருத்துவமனையைத் தொடர்புகொள்வது நல்லது.

சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பது நம் வீடுகளின் வழக்கம். அதனால் தீங்கில்லை, தண்ணீர் உள்ளே செல்வது நல்லதுதான். வலி அடங்கியதா என்பதோடு மேற்சொன்ன அறிகுறிகள் உள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால், வலியைத் தூண்ட விளக்கெண்ணெய் குடிப்பது வயிற்றுப்போக்கையும் நீரிழப்பையும் உண்டாக்கும். மருந்துக் கடையில் தாமாகவே டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி உண்பது அதைவிடக் கேடானது. கருக்காலத்தின் பிற்பகுதியில் இவை குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையொட்டிய இரத்த ஓட்டத்தையும் பாதிக்கக்கூடியவை.

தாய்மார் இறப்புக்குக் காரணமாகும் தாமதங்களை, 1994-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்றில் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகியோர் மூன்றாக வகுத்தனர். சிகிச்சையை நாட முடிவெடுப்பதில் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம், அங்கு உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பன அவை. சாலைகளும் ஊர்திகளும் பெருகிய பிறகும், முதல் தாமதம் வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. அதற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. வண்டிக்கு ஆகும் செலவு, இரவில் குடும்பத்தாரை எழுப்பும் தயக்கம், 'இதற்குள் ஏன் வந்தாய்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற கூச்சம் ஆகியவையும் காரணங்கள்.

இந்தக் கூச்சத்தைப் போக்கும் பொறுப்பு மருத்துவமனைகளுக்கு உண்டு. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய 'லக்‌ஷயா' திட்டம், பேறுகால அறைகளில் தாய்மார்களை மரியாதையுடன் நடத்துவதையும் தரத்தின் ஒரு பகுதியாகக் கருதுகிறது. அந்த மரியாதை பேறுகால அறைக்கு வெளியிலேயே தொடங்க வேண்டும். பேறு தொடங்கவில்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும்போது, 'வந்தது நல்லது. மீண்டும் ஐயம் எழுந்தால் தயங்காமல் வாருங்கள்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஒருமுறை கடிந்துகொள்ளப்பட்டவர், அடுத்த முறை வர வேண்டிய நேரத்தில் வரத் தயங்குவார்.

குடும்பங்களும் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண்ணுக்கு, வழக்கமாகப் பார்த்த மருத்துவரும் கிராம சுகாதாரச் செவிலியரும் மாறிவிடுகின்றனர். ஆகவே, தாய்வீட்டுப் பகுதிச் செவிலியரிடம் உடனே தெரிவித்து, தாய் சேய் நல அட்டையையும் பரிசோதனை முடிவுகளையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும். இரவில் எந்த மருத்துவமனை, எந்த வண்டி, உடன் செல்பவர் யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்துவிடுவது நன்று. ஐயம் தீர்க்க 104, அவசரத்துக்கு 108 ஆகிய எண்களை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

பரிசோதனைக்குச் சென்று, 'இது பேற்று வலி அன்று' என்ற விடையுடன் வீடு திரும்புவது வீண் அலைச்சல் அன்று. தாயும் சேயும் நலம் என்பதை அறிந்து திரும்பும் பயணம் அது. எது பொய் வலி, எது மெய் வலி என்று முடிவு செய்யும் சுமையைக் கருவுற்ற பெண்ணின் தலையில் ஏற்றாமல், அவர் கேட்கும்போது கேட்ட நேரத்தில் உடன் செல்வதே குடும்பத்தின் கடமை.