உள்ளமைந்த பொருள்கள் (ஸ்கிரிப்ட் மொழிகளில்)

ஸ்கிரிப்ட் மொழியொன்றில் நிரல் எழுதுவோர் தாமே வரையறுக்காமல் எடுத்தாளக் கிடைக்கும் சரம் (எழுத்துத் தொடர்), எண், பட்டியல், நாள் முதலியவை உள்ளமைந்த பொருள்கள் எனப்படும். நிரலைப் படித்து இயக்கும் மென்பொருளாகிய பொறி, அதன் முதல் வரியை இயக்குமுன்பே இவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும். 1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டுக்கு 1997இல் ஈசிஎம்ஏ-262 என்னும் தரம் வெளிவந்ததால், இப்பொருள்களின் நடத்தை எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாயிற்று. பொறிகளின் பெரும்பகுதி சி++ மொழியில் அமைந்தாலும், மொசில்லாவின் ஸ்பைடர்மங்கி உள்ளமைந்த செயல்கள் சிலவற்றை ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதிக்கொள்கிறது.

தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத முத்து அண்ணாமலை வடிவமைத்து 2009இல் கட்டுரையாக வெளியிட்ட எழில் மொழி, பள்ளி மாணவரைக் கருதி எழுந்தது. அதன் பொறி பைத்தானில் எழுதப்பட்டமையால், எண்ணும் சரமும் பைத்தானிடமிருந்தே வந்தன. உள்ளமைந்த செயற்கூறுகளும் பைத்தான் செயற்கூறுகளைப் பெயரிட்டுப் பதிவுசெய்தவையே.

இவ்வாறு இரவல் பெறும்போது இடர் தருவது சரத்தின் நீளமாகும். 'கொங்கு' என்பதில் கொ, ங், கு என மூன்றெழுத்துகளே உள்ளன. இந்திய எழுத்துகளுக்கான 1988ஆம் ஆண்டின் இஸ்கி குறியேற்ற முறையைத் தழுவி அமைந்த யூனிகோடு என்னும் குறியேற்றமோ ககரத்தையும் ஒகரக் குறியையும், ஙகரத்தையும் புள்ளியையும், ககரத்தையும் உகரக் குறியையும் தனித்தனியே குறியேற்றுவதால், ஜாவாஸ்கிரிப்டின் சரப்பொருள் நீளத்தை ஆறு என்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளாக எண்ணினால் பதினெட்டு. ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகத் தட்டச்சிட்டிருந்தால் ஆறு ஏழாகும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அவ்விரு சரங்களையும், ஒரே வடிவுக்கு மாற்றும் இயல்பாக்கம் செய்யாதவரை, பொறி வேறுவேறெனவே கொள்ளும். எழுத்தைப் பிளந்து எண்ணும் இம்முறை தமிழுக்குப் பொருந்தாதது. எழில் முயற்சியிலிருந்து கிளைத்த ஓப்பன்-தமிழ் நூலகம், சரத்தை எழுத்துகளாகப் பிரித்து மூன்று என்னும் சரியான விடையைத் தருகிறது.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் நடைபெற்றபோது, தமிழக அரசு யூனிகோடையும், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தரும் டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்றது. பின்னதில் 'கொங்கு' என்னும் சொல்லின் நீளம் மூன்றே. ஆயினும் அதன் இடங்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால், பொறிகள் அவற்றைத் தமிழெழுத்தாக அறிவதில்லை. தற்காலத்தில் ஜாவாஸ்கிரிப்டின் செக்மென்ட்டர் என்னும் உள்ளமைந்த பொருள் இச்சொல்லை மூன்றாகவே பிரிக்கிறது.