துடுப்பை எறிந்தவர்களும் படகைக் காத்தவர்களும்

பழம்பொருளைப் போற்றுவோர் இரு வகையினர். ஒரு சாரார் அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காப்பர். மற்றொரு சாரார், அது முன்பு செய்த தொழிலை மீண்டும் செய்யும்படி ஆக்குவர். ஓலைச்சுவடியைக் கறையானிடமிருந்து காப்பதோடு அமையாமல், அதிலுள்ள பாட்டை மீண்டும் மக்கள் நாவில் ஒலிக்கச் செய்த பதிப்பாசிரியர்களின் வழிவந்தவர்கள் நாம். ஆதலின், வட அமெரிக்க ஏரிக்கரைகளில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு மீட்புப் பணியின் வரலாறு நம் வட்டத்தாருக்கு அயலான பொருளாக இராது என்று கருதுகிறேன். பழைய மரப்படகுகளையும், அவற்றின் காலத்தில் தோன்றிய அவுட்போர்டு மோட்டார்களையும் உயிர்ப்பிக்கும் பணியே அது.

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டி, வேண்டாதபோது கழற்றிச் சுமந்து செல்லத்தக்க பொறி. அதன் பிறப்பைப் பற்றி இனிய கதை ஒன்று வழங்குகிறது. 1906ஆம் ஆண்டுக் கோடையில், விஸ்கான்சின் மாநிலத்து ஓக்கோச்சி ஏரிக்கு உல்லாசமாகச் சென்றிருந்த ஓல் எவின்ரூட் என்னும் இளைஞர், தம் காதலி பெஸ் விரும்பினார் என்பதற்காக அக்கரைக்குத் துடுப்பு வலித்துச் சென்று ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். கரை சேர்வதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த வியர்வையில் பிறந்ததே மோட்டார் என்பது கதை.

வரலாறு இதனை அப்படியே ஏற்பதில்லை. 1881ஆம் ஆண்டிலேயே பாரிசு நகரில் குஸ்தாவ் த்ரூவே என்பவர், கழற்றி மாட்டத்தக்க மின்பொறியைப் படகில் பொருத்தி சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். எவின்ரூட்டுக்குச் சற்று முன்னரே கேமரன் வாட்டர்மேன் என்பவர் டெட்ராய்ட்டில் பெட்ரோலால் இயங்கும் அவுட்போர்டு மோட்டார்களைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். எனினும் எவின்ரூட்டின் பெயர் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. 1909இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த பொறி ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது. எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோ. விலை 62 டாலர். படுக்கைவாட்டில் உருளையும், செங்குத்தாக இறங்கும் தண்டும், நீருக்கடியில் சாய்பல் சக்கரங்களும் கொண்ட அந்த அமைப்பே பின்வந்த மோட்டார்களுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று.

அவர் வெற்றியில் பாதி, மனைவியாகிய பெஸ் அம்மையாருக்கு உரியது. கணக்கு, கடிதம், விளம்பரம் அனைத்தும் அவர் கையில் இருந்தன. துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்று அவர் எழுதிய விளம்பரம் புகழ்பெற்றது. அவர் உடல்நலம் குன்றியபோது, ஓல் தம் பங்கைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டு, ஐந்தாண்டு இத்தொழிலில் போட்டியிடுவதில்லை என்று வாக்களித்து விலகினார். வாக்குறுதிக் காலம் முடிந்தபின் 1920களின் தொடக்கத்தில் எல்டோ என்னும் புதிய பொறியோடு திரும்பினார். இரு உருளை, மூன்று குதிரைத்திறன் கொண்ட அது அலுமினியத்தை மிகுதியாகப் பயன்படுத்தியதால் 48 பவுண்டே எடையிருந்தது. அதே காலத்தில் இந்தியானா மாநிலத்து ஜான்சன் சகோதரர்கள் 35 பவுண்டு எடையில் மற்றொரு மோட்டாரை வெளியிட்டனர். 1929இல் எவின்ரூட், எல்டோ நிறுவனங்கள் ஒன்றிணைந்தன. 1930களின் நடுவில் ஜான்சனும் அவற்றோடு சேர்ந்தது. பெஸ் 1933இலும், ஓல் அடுத்த ஆண்டிலும் மறைந்தனர்.

பொறி வளர்ந்த அதே காலத்தில் படகும் வளர்ந்தது. மிச்சிகன் மாநிலத்து அல்கோனாக் ஊரில் கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தச்சரும் அவர் மக்களும் 1922இல் தொடங்கிய தொழிலே பின்னர் கிரிஸ்கிராஃப்ட் எனப் பெயர்பெற்றது. உட்புறம் பெரிய இயந்திரம் பொருத்திய அவர்களுடைய மகோகனிப் படகுகள் செல்வர்க்கு உரியவை. சிறு மரப்படகின் பின்பலகையில் மாட்டிய எவின்ரூட்டும் ஜான்சனும் எளியவர்க்கு உரியவை. இவ்விரண்டும் சேர்ந்ததே அந்த ஏரிகளின் பொற்காலம்.

1950களில் கண்ணாடி இழைப் படகு வந்தது. அதற்குக் கலப்பற்று வேண்டா. ஆண்டுதோறும் வார்னிஷ் வேண்டா. 1970களின் தொடக்கத்தில் கிரிஸ்கிராஃப்ட் நிறுவனமும் மரத்தைக் கைவிட்டது. கொட்டில்களில் கிடந்த மரப்படகுகள் மழைநீரில் உளுத்தன, பல விறகாயின. கடல்நீரைக் காட்டிலும் மேலிருந்து சொட்டித் தங்கும் மழைநீரே மரப்படகுக்குப் பெரும்பகை என்பது தச்சர் அறிந்த உண்மை. துடுப்பை எறியச் சொன்ன காலம், சில பத்தாண்டுகளில் படகையே எறிந்துவிட்டது.

எறிந்ததைப் பொறுக்கி எடுத்தவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர், ஆர்வலர்களே. 1965இல் பழைய அவுட்போர்டு மோட்டார்களுக்கென ஒரு சங்கமும், 1975இல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் பழம்படகுகளுக்கென ஒரு கழகமும் தோன்றின. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரைக் கிளேட்டன் ஊரில் பழம்படகு அருங்காட்சியகம் வளர்ந்தது. கிரிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் வரைபடங்களும், ஒவ்வொரு படகுக்கும் எழுதிவைத்த அட்டைகளும் வர்ஜீனியா மாநிலத்துக் கடலோடிகள் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. படகின் எண்ணைக் கூறினால், அது எந்த இயந்திரத்தோடு, எந்த நிற மெத்தையோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்பதை அட்டை கூறும். மூலபாடம் கிடைத்துவிட்டதெனலாம்.

இனி வேலைமுறையைக் காண்போம். முதலில் படகைத் தாங்குகட்டைகளில் இருத்தி, ஏராவெனப்படும் அடிமரம் வளைந்துள்ளதா என்று பார்ப்பர். வளைந்த கூட்டின்மேல் புதுப்பலகை அறைந்தால் பிழையே நிலைபெறும். உளுத்த வங்குக்கால்களை எடுத்து அதே அளவில் புதிய ஓக் மரச் சட்டங்களை வைப்பர். வளைய வேண்டிய சட்டத்தை நீராவிப் பெட்டியில் இடுவர்; அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. வெளியே எடுத்தபின் ஒரு நிமிடத்துக்குள் வளைத்துப் பொருத்தியாக வேண்டும். திருகாணியின் தலையை மூடும் சிறு மரத்தக்கைகூட, பலகையின் இழையோடு இழை ஒத்துச் செல்லுமாறு வைக்கப்பெறும். பின்னர் வார்னிஷ், பத்துப் பூச்சுக்குக் குறையாது, ஒவ்வொன்றுக்கும் இடையே உப்புத்தாள் தேய்ப்பு.

மோட்டாரின் நோய்கள் வேறு. பழைய எரிபொருள் கெட்டிப்பட்டு நுண்துளைகளை அடைத்திருக்கும். தீப்பொறி தரும் சுருளின் காப்புறை வெடித்திருக்கும். கார்புரேட்டரில் எரிபொருள் மட்டத்தைக் காக்கும் மிதவை அக்காலத்தில் தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்குப் பூச்சு. அக்காலத்தில் உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போனது. இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடுவதால், மிதவைக்கு வேறு பூச்சு இட வேண்டியுள்ளது. சுழல்விசிறியின் தண்டில் மென்மையான பித்தளை ஊசி ஒன்று உண்டு. பாறையில் மோதினால் தான் முறிந்து, பல்சக்கரங்களைக் காப்பது அதன் தொழில். அதற்குப் பகரமாக வலிய எஃகு ஆணியை அடித்துவிட்ட முன்னாள் உடைமையாளர்களால் பாழான மோட்டார்கள் பல.

இப்பணியில் ஒரு பெரும் வழக்கு இன்றும் தீரவில்லை. பழைய படகின் அடிப்பகுதி ஈரடுக்கானது. இடையே பிசின் தோய்ந்த கித்தான் துணி இருக்கும். குளிர்காலம் முழுதும் கரையில் காய்ந்த படகை இளவேனிலில் நீரில் இறக்கினால் அது ஒழுகும். ஓரிரு நாள் நீர் குடித்துப் பலகைகள் ஊதி நெருங்கிய பின்பே ஒழுக்கு நிற்கும். இந்தக் காத்திருப்பைப் பொறாத பலர், அடிப்பலகைகளைக் கழற்றி, வலிய பாலியூரித்தேன் பசையிட்டுப் புதிய அடியை அமைத்தனர். அது ஒழுகுவதில்லை, ஊறவைக்கவும் வேண்டியதில்லை. படகு ஓடுவதே படகுக்குப் பெருமை என்பது அவர்கள் வாதம். நீர் குடித்து இறுகுதலே மரப்படகின் இயல்பு, அதனை மாற்றியபின் எஞ்சுவது பழம்படகின் உருவமே என்பது மறுப்போர் வாதம். மோட்டாரிலும் இதே பூசல்: மங்கிய வண்ணத்தையும் கீறலையும் காப்பதா, தொழிற்சாலையில் பிறந்த நாள்போல் மெருகிடுவதா? பழம்படகுக் கழகம் தன் மதிப்பீட்டில் பாதுகாக்கப்பட்டவை, புதுப்பிக்கப்பட்டவை என இரு வகுப்புகளை வைத்திருப்பது இப்பூசலைத் தீர்ப்பதற்கன்று. அதனை நேர்மையாக ஒப்புக்கொள்வதற்கே.

இவ்வழக்கில் எனக்குத் தோன்றுவது இது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் பல சுவடிகளை ஒப்புநோக்கினார். பதிப்புக் கலை நமக்குக் கற்பித்த பெரும்பாடம், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றும் பாடவேறுபாட்டை வேறுபாடென்றும் காட்டுவதாகும். தம் சொல்லை மூலத்தின் சொல்லாக நுழைப்பதே பிழை. படகுக்கும் இதுவே பொருந்தும். உயிர்காக்க வேண்டுமாயின் அடிப்பலகையை மாற்றலாம்; ஆனால் மாற்றியவர் எதை, எந்த ஆண்டில், எதனால் மாற்றினார் என்று எழுதிவைக்க வேண்டும். கழற்றிய பலகையில் ஒரு துண்டேனும் காக்க வேண்டும். எழுதாத திருத்தம், அடுத்த தலைமுறைக்குப் பொய்யான மூலமாகிவிடும்.

எவின்ரூட் பெயரைச் சுமந்த பெருநிறுவனம் 2000ஆம் ஆண்டு இறுதியில் நொடித்தது. அப்பெயரை வாங்கிய கனடா நாட்டு நிறுவனமும் 2020இல் அவுட்போர்டு மோட்டார் உற்பத்தியை நிறுத்திற்று. செய்தவர் கைவிட்ட பின்னும், அந்தத் தொடக்கக்காலப் பொறிகளுள் சில ஆர்வலர் கூடும் ஏரிக்கரைகளில் இன்றும் புகைவிட்டு ஓடுகின்றன. ஓடச் செய்தவர்களுட் பலர், பட்டறை மேசையில் ஒரு குறிப்பேட்டையும் வைத்திருக்கிறார்கள். அடுத்த பழுதுபார்ப்பவர் அதிலிருந்துதான் தொடங்குவார்.